வெல்டிங், ஃபேப்ரிகேஷன் அப்ரண்டிஸ் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெல்டிங் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களும், பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

சேர்ந்து மாதக்கணக்கில் ஆகிறது. இன்னும் கிரைண்டரும் வயர் பிரஷ்ஷும்தான் கையில். வெல்டிங் எப்போதுதான் சொல்லித் தருவார்கள்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்கலாம். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதும் வெல்டிங்தான். ஆர்க் (இரும்பை உருக்கும் மின்பொறி) எரிகிற நேரம் இந்த வேலையில் சிறு பங்கு. வெல்டு நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் ராடைத் (உருகி இணைப்பை நிரப்பும் பூச்சிட்ட கம்பி) தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளேட்டுகளை முழுத் தடிமனுக்கும் இணைக்க வேண்டும் என்று வையுங்கள். சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே வெல்டு ஓட்டினால், மேற்பரப்பில் மட்டும் ஒட்டும். உள்ளே பாதி தடிமன் ஒட்டாமலே கிடக்கும். அதனால் இரண்டு விளிம்புகளையும் சுமார் 30 டிகிரி சரித்து எடுக்கிறோம், சேர்த்து வைத்தால் 60 டிகிரி 'வி' கிடைக்கும். அடியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சரிக்காத முகம் விட்டு, இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கிறோம். இந்த இடைவெளி ஒரு முனையில் 2 ஆகவும் மறுமுனையில் 4 ஆகவும் இருந்தால், எவ்வளவு கை தேர்ந்த வெல்டராக இருந்தாலும் ஒரு பக்கம் ஊடுருவாது, இன்னொரு பக்கம் ஓட்டையாகும். அந்தச் சரிவையும் இடைவெளியையும் உண்டாக்குவது உங்கள் கையிலிருக்கும் கிரைண்டர்தான்.

அப்புறம் துரு, பெயின்ட், எண்ணெய், புதுத் தகட்டின் மேலிருக்கும் நீலம் கலந்த கருப்புப் படலம். இவை ஆர்க்கின் சூட்டில் வாயுவாகி, உருகிய உலோகக் குழம்புக்குள் மாட்டிக்கொண்டு, ஆறிய பிறகு பொத்தல் பொத்தலாக நிற்கும். நீங்கள் தேய்த்துக் கொடுத்த இடத்தில் மூத்த வெல்டர் ஓட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே சரியாகத் தேய்க்கவில்லையோ, அங்கே ஆர்க் தடுமாறுவது கண்ணுக்கே தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரைண்டர் பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே பயிற்சி என்ற பெயரில் ஆள் எடுக்கிற இடங்களும் இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது? "அண்ணே, வேலை முடிஞ்சதும் மிச்சத் துண்டுல கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்கிற இடம் நல்ல இடம். நீங்கள் ஓட்டியதை யாராவது எடுத்துப் பார்த்துக் குறை சொன்னால் இன்னும் நல்லது. மாதங்கள் பல போயும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைத் தொடவே விடவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதில் தப்பில்லை.

வெல்டருக்கும் ஃபேப்ரிகேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

வரைபடத்தைப் படித்து, அளந்து, மார்க் போட்டு, வெட்டி, வளைத்து, சரியான இடத்தில் நிறுத்தி டேக் அடிப்பது (அசையாமலிருக்க அங்கங்கே சின்னதாக ஒட்டுவது) வரை ஃபேப்ரிகேட்டர். அந்த இணைப்பை முழுமையாக ஓட்டி முடிப்பவர் வெல்டர். பெரிய தொழிற்சாலைகளில் இருவரும் தனித்தனி ஆட்கள். சிறு பட்டறையில் இரண்டும் ஒரே ஆள்தான், பல நேரம் பெயின்ட் அடிப்பவரும் அவரேதான். பயிற்சியின்போது இரண்டையும் கற்றுக்கொள்வதே என் கட்சி. ஓட்ட மட்டும் தெரிந்தவர் அடுத்தவர் நிறுத்திக் கொடுப்பதற்காகக் காத்திருக்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் சேர்வதா, நேரடியாகத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகப் போவதா?

பள்ளியில் ஏன், எதற்கு என்று சொல்லிக் கொடுப்பார்கள். தப்புப் பண்ணினால் யாருக்கும் நட்டமில்லை. தொழிற்சாலையில் வேகம் வரும், நிஜமான வேலை எப்படிக் கோணிக்கொண்டு வரும் என்பது தெரியும். பல நாடுகளில் முறையான அப்ரண்டிஸ் பயிற்சி 3 முதல் 4 ஆண்டுகள். வாரத்தில் சில நாட்களோ, வருடத்தில் சில வாரங்களோ வகுப்பு, மீதி நேரம் வேலையிடம். இரண்டும் கலந்த இந்த ஏற்பாடு கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடலாம். சில மாத வகுப்பை மட்டும் முடித்தவர் வெல்டிங்கில் அறிமுகம் பெற்றவர், அவ்வளவுதான்.

எந்த வகை வெல்டிங்கில் தொடங்குவது நல்லது?

ராடு வைத்து ஓட்டும் ஆர்க் வெல்டிங். ஆர்க்கின் நீளம், கையின் வேகம், சாய்வு எல்லாவற்றையும் உங்கள் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் எந்தத் தப்பும் மறையாது.

மிக் வெல்டிங்கில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், ஒரே நாளில் பார்க்க அழகான கோடு போட்டுவிடலாம். ஆபத்தும் அதில்தான். மேலே அழகாக இருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது. மின்னழுத்தம் குறைவாக வைத்துத் தடித்த பிளேட்டில் ஓட்டினால் இது சர்வ சாதாரணமாக நடக்கும். தவிர, காற்று அடித்தால் குழம்பை மூடிக் காக்கும் பாதுகாப்பு வாயு கலைந்துவிடும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்றே இதற்குப் போதும்; அதனால் திறந்த வெளியில் இன்றும் ராடுதான் கைகொடுக்கிறது.

டிக் வெல்டிங்கில் ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, சில மெஷின்களில் காலில் பெடல். மெல்லிய எவர்சில்வர், அலுமினியம், பைப்பின் முதல் ஓட்டம் எல்லாம் இதன் ராஜ்ஜியம். ராடில் கை நிலைத்த பிறகு இதற்குப் போங்கள்.

கேஸ் வெல்டிங்கின் பயன்பாடு குறைந்துவிட்டது. கேஸ் கட்டிங் அப்படி இல்லை, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

எல்லோருக்கும் ஒட்டும். ஒட்டினால் பதறி இழுக்காமல் மணிக்கட்டை ஒரு பக்கமாகச் சட்டென்று திருப்புங்கள், விட்டுவிடும். விடவில்லை என்றால் ஹோல்டரின் பிடியைத் திறந்து ராடைக் கழற்றிவிடுங்கள். சிவக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் ராடின் மேல்பூச்சு வெந்து உதிர்ந்துவிடும், அதற்கப்புறம் அந்த ராடு உதவாது.

காரணங்கள் மூன்று, நான்குதான். முதலாவது, ஆம்பியர் போதவில்லை. 3.15 மில்லிமீட்டர் இ6013 ராடுக்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வரை வேண்டும். சரியான வரம்பு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் படிப்பவர்கள்தான் குறைவு. இரண்டாவது, மின்சாரம் திரும்பிப் போக இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்ப் பெயின்ட் மேலோ துரு மேலோ மாட்டியிருக்கிறது. மெஷின் சரியில்லை என்று வரும் புகார்களில் நிறையவற்றுக்குக் காரணம் இந்தக் கிளாம்ப்தான். மூன்றாவது, ராடு ஈரம் உறிஞ்சியிருக்கிறது.

நான்காவது, கை. தீக்குச்சி உரசுவது போல லேசாக இழுத்துவிட்டு உடனே கொஞ்சம் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது? ராடின் உள்கம்பி எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அவ்வளவு. 3 மில்லிமீட்டர் சொச்சம் என்பது நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. புதிதாக வருகிறவர்கள் ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் 6, 7 மில்லிமீட்டர் தூக்கிவிடுகிறார்கள். உடனே ஆர்க் அலைபாயும், பொறி நாலாபக்கமும் தெறிக்கும், கோடு தட்டையாகப் பரவும், சத்தமும் விட்டுவிட்டுக் கரகரக்கும். இன்னொன்று, ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே போகிறது. கை அதற்கேற்ப இறங்கிக்கொண்டே வர வேண்டும். முன்னே நகர்வது, கீழே இறங்குவது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம் எல்லாம்.

கண்ணை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் குழம்பின் விளிம்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அந்த விளிம்பு இரும்போடு நனைந்து சேர்கிறதா என்று கவனித்துக்கொண்டே நகருங்கள். சேர்வதற்குள் நகர்ந்துவிட்டால் ஓரத்தில் பள்ளம் விழும். அண்டர்கட் என்று இன்ஸ்பெக்டர் எழுதித் திருப்பி அனுப்புவது இதைத்தான்.

ராடில் இருக்கும் 6013, 7018 எல்லாம் என்ன?

முதல் இரண்டு எண்கள் வெல்டின் வலிமை: 60 என்றால் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும். மூன்றாவது எண் 1 என்றால் எல்லா நிலைகளிலும் ஓட்டலாம். கடைசி எண் மேல்பூச்சின் வகையையும் எந்த மின்னோட்டத்துக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லும்.

7018 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஹைட்ரஜன் குறைவான ராடு. மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் அந்த நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய்விடும். தடித்த அல்லது வலிமை கூடிய எஃகில் இதனால் வரும் விரிசல் உடனே தெரியாது. சாயங்காலம் பார்த்தபோது நன்றாக இருந்த வெல்டு மறுநாள் காலையில் விரிந்து கிடக்கும். அதனால்தான் பெட்டியைத் திறந்ததும் இந்த ராடுகளைச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைக்கிறார்கள். வெளியே எடுத்தால் சாதாரண 7018-க்கு 4 மணி நேரம்தான் கெடு. சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாள் முழுக்க அலைவதைப் பார்த்தால் எனக்குக் கை பதறும்.

எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

பள்ளிக்கூடக் கணக்கு போதும், ஆனால் அது விரல் நுனியில் இருக்க வேண்டும். பெரிய ஃபிரேம் மூலைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கையிலிருக்கும் சின்ன மூலைமட்டத்தை நம்ப முடியாது. ஒரு பக்கம் 600, மறு பக்கம் 800 மில்லிமீட்டர் மார்க் செய்து, குறுக்கே 1000 வருகிறதா என்று பாருங்கள். செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று டேப் பிடித்தால் போதும்.

தகட்டின் எடை: ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7.85 கிலோ. 10 மில்லிமீட்டர் பிளேட் என்றால் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. கிரேனைக் கூப்பிடுவதா, இரண்டு பேர் தூக்குவதா என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். வெட்டும்போது பிளேடு தின்னும் அளவையும் கழிக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வீலில் பத்து துண்டு வெட்டினால் 30 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். கடைசித் துண்டு குறையும்போதுதான் பலருக்கு இது ஞாபகம் வரும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். வரைபடத்தில் 6 மில்லிமீட்டர் ஃபில்லட் (இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டு) என்றிருக்கும். "பலமா இருக்கட்டும்" என்று 8 வைத்துவிடுவார்கள். அளவு வர்க்கத்தில் கூடுவதால், போடும் உலோகம் சுமார் 78 சதவீதம் அதிகமாகிறது. ராடு, நேரம், சூடு மூன்றும் அதே கணக்கில் வீண். சூடு கூடினால் வேலை வளையும்.

அளந்து நிறுத்தியது சரியாகத்தான் இருந்தது. ஓட்டி முடித்ததும் கோணிக்கொள்கிறதே?

சூடாகும்போது விரிகிற எஃகு ஆறும்போது சுருங்கும். ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்டு ஓடிய கோடு மட்டும் ஆயிரத்துக்கு மேல் சூடாகிச் சுருங்கும்போது, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது. இதை நிறுத்த முடியாது, சமாளிக்கத்தான் முடியும்.

ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டாதீர்கள். முதலில் எல்லா மூலையிலும் டேக் அடித்து, மறுபடி அளந்து, பிறகு இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 'டி' வடிவ இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நிற்கும் தகடு அந்தப் பக்கமே சாயும். அனுபவமுள்ளவர்கள் முதலிலேயே எதிர்ப்பக்கம் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்த்து டேக் அடித்துவிடுவார்கள். சுருங்கும்போது அது தானாக நேராகிவிடும். எவ்வளவு சாய்ப்பது என்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. தடிமன், ஓட்டங்களின் எண்ணிக்கை, கிளாம்ப் எல்லாம் பொறுத்தது. அதனால் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

கண்ணுக்கும் உடம்புக்கும் கெடுதல் என்கிறார்களே?

பாதுகாப்பில்லாமல் செய்தால் கெடுதல்தான், மழுப்ப வேண்டியதில்லை.

கண்ணில் முதலில் வருவது ஆர்க் அடித்தல். கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மண்ணை வாரிக் கொட்டியது போல எரியும். ஒன்றிரண்டு நாளில் பொதுவாகச் சரியாகும், ஆனாலும் மருத்துவரைப் பாருங்கள். தாங்களாகவே சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம். டேக் அடிக்கிற ஒரு நொடிக்குக் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பதும் வேலைக்காகாது. 100 ஆம்பியர் வாக்கில் ஓட்ட 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி சரிவரும் (எண் கூடக் கூட இருட்டும் கூடும்).

அடுத்தது புகை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதனால் தலையைப் புகைக்கு மேலே நீட்டாமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், உறிஞ்சு குழாய் இருந்தால் பக்கத்தில் இழுத்து வையுங்கள், தகுந்த மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை கட்டினால் புகை நிற்காது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை அப்படியே ஓட்டாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர், காய்ச்சல், உடம்பு வலி. இணைப்புப் பக்கத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஓட்டுங்கள். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த இரும்பின் மேல் ஆர்க் அடிக்கவே கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

சிலிண்டர்களில் மறக்கக் கூடாதவை: ஆக்சிஜன் ரெகுலேட்டரிலும் இணைப்புகளிலும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். அசிட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும், ரெகுலேட்டரில் ஒரு பார் அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது.

புதியவர்களை அதிகம் காயப்படுத்துவது என்னவோ கிரைண்டர்தான். 125 மில்லிமீட்டர் வீல்கள் பொதுவாக நிமிடத்துக்கு 12,200 சுற்று வரைதான் தாங்கும். வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டுவது, வெட்டுகிற மெல்லிய வீலின் பக்கவாட்டில் தேய்ப்பது, இரண்டுமே வீல் வெடிக்க வழி.

வேலை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். மரத்தூளிலோ பழந்துணியிலோ விழுந்த பொறி மெல்லப் புகைந்து பிறகுதான் எரியும். குறைந்தது அரை மணி நேரம், பல இடங்களில் ஒரு மணி நேரம், ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும்.

பால் குடித்தால் புகை முறியும் என்கிறார்களே?

பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பிடித்தால் குடியுங்கள், மாஸ்க்குக்கு மாற்று இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் ஆர்க் சூட்டில் கண்ணோடு ஒட்டிவிடுமா?

ஒட்டாது. அது பழைய வதந்தி. தூசும் புகையும் உறுத்தும் என்பதால் கண்ணாடியே வசதி என்பது வேறு விஷயம்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டர்களாக இருந்தார்கள். கைப்பலத்தை விட நடுங்காத கையும் பொறுமையும்தான் இந்த வேலைக்குத் தேவை. பாரம் தூக்கக் கிரேன் இருக்கிறது. கவனிக்க வேண்டியது கையுறையும் ஜாக்கெட்டும் உங்கள் அளவுக்குக் கிடைக்கிறதா என்பதை. தொளதொளவென்ற கையுறை யாருக்குமே ஆபத்து.

ரோபோ வந்த பிறகு இந்த வேலை இருக்குமா?

ஒரே மாதிரி ஆயிரம் துண்டு வரும் இடத்தில் ரோபோதான் ஓட்டுகிறது, அது அப்படியே போகும். பழுது பார்ப்பது, வேலையிடத்தில் பைப் இணைப்பது, இடுக்கில் படுத்து ஓட்டுவது இவற்றுக்கு இன்னும் மனிதக் கைதான். இடைவெளி சரியில்லாமல் நிறுத்திய துண்டை ரோபோவும் ஒழுங்காக ஓட்டாது. அதனால் ஃபிட்டிங் தெரிந்தவருக்கு அங்கேயும் இடம் உண்டு.

சொந்தமாக என்னென்ன வாங்க வேண்டும்?

பொருத்தமான ஹெல்மெட், தோல் கையுறை, பாதுகாப்பு ஷூ, தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி. உடைக்குக் கனத்த பருத்தித் துணி. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அப்புறம் இன்ச் டேப், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், சிப்பிங் ஹாமர். எவர்சில்வருக்குத் தனி வயர் பிரஷ்ஷும் தனி வீலும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பைத் தேய்த்ததாலேயே எவர்சில்வரையும் தேய்த்தால், ஒட்டிய இரும்புத் தூள் துருப்பிடித்து வேலை முழுக்கப் பழுப்புப் புள்ளி விழும்.

3ஜி, 6ஜி டெஸ்ட் என்றால் என்ன? எதைப் பார்த்துத் தேற்றுகிறார்கள்?

எண் என்பது நிலை. பிளேட்டில் 1ஜி தட்டையாகக் கிடப்பது, 2ஜி செங்குத்துப் பிளேட்டில் கிடைமட்டக் கோடு, 3ஜி மேலும் கீழுமான கோடு, 4ஜி தலைக்கு மேலே. பைப் படுத்த நிலையில், சுழற்றாமல் ஓட்டுவது 5ஜி. 45 டிகிரி சாய்த்து நிறுத்தியது 6ஜி. 6ஜி-யில் ஒரே இணைப்பைச் சுற்றி வருவதற்குள் எல்லா நிலைகளும் வந்துவிடும், அதனால்தான் அதற்கு மதிப்பு.

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். அண்டர்கட், பொத்தல், நிரம்பாத இடம் இருந்தால் அங்கேயே முடிந்தது. அடுத்து எக்ஸ்ரே, அல்லது துண்டாக வெட்டி 'யு' வடிவில் வளைப்பது. வளைக்கும்போது உள்ளே ஒட்டாத இடம் வாய் பிளக்கும். அது பெரும்பாலும் ஒரு ராடு முடிந்து அடுத்த ராடு தொடங்கிய இடமாக இருக்கும். அந்த இடத்தில் கசடைச் சுத்தமாகத் தட்டி, முனையை லேசாகக் கிரைண்ட் செய்து சரித்துவிட்டு, கொஞ்சம் முன்னாலிருந்து ஆர்க்கைத் தொடங்கிப் பின்னால் வந்து பிடித்துக்கொண்டு போக வேண்டும். டெஸ்டுக்கு முன் நீள நீளமாகக் கோடு ஓட்டிப் பழகுவதை விட, வேண்டுமென்றே ஒவ்வொரு இரண்டு அங்குலத்திலும் நிறுத்தி மறுபடி தொடங்கிப் பழகுங்கள்.

சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் செல்லுமா?

செல்லாது. எந்த முறையில், எந்தத் தடிமனில், எந்த நிலையில் டெஸ்ட் கொடுத்தீர்களோ அந்த வரம்புக்குத்தான் செல்லும். ஐஎஸ்ஓ 9606 என்ற சர்வதேச வெல்டர் தேர்வு விதிப்படி அந்த முறையில் தொடர்ந்து வேலை செய்துவருகிறீர்கள் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்க விதிகளிலும் அதே 6 மாதக் கணக்கு உண்டு. வேலை மாறும்போது பழைய இடத்தில் அந்தக் கையெழுத்தையும் பதிவுகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிறகு போய்க் கேட்டால் கோப்பைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.